ஈ ஓட்டும் வேலை: ஆங்கில எழுத்து விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி ஆங்கில எழுத்துகளை வைத்து விளையாடுவோம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

படிக்கும்போது ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். ஸ்பெல்லிங்கை நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விளையாட்டு முழுக்க ஸ்பெல்லிங்கில்தான் இருக்கிறது. ஒரே ஒரு சங்கடம்: 247 எழுத்து இருந்தும் ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’களையும் இரண்டு ‘டி’களையும் நம்மால் பிரித்து எழுத முடியாது. அவை வரும் இடத்தில் ‘ஏ-க்கு அடுத்த பி’, ‘க்யூவுக்கு முந்தைய பி’ என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என்ன விளையாட்டு?

ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஆனால் எழுத்துகள் மேல் ஒரு நிபந்தனை இருக்கும். 26 எழுத்தும் வந்தாக வேண்டும் என்பது ஒரு வகை, அதற்குப் பேன்கிராம் என்று பெயர். குறிப்பிட்ட ஓர் எழுத்து தலைகாட்டவே கூடாது என்றால் லிப்போகிராம். திருப்பிப் படித்தாலும் அதுவே வர வேண்டும் என்றால் பேலிண்ட்ரோம். ஒவ்வொரு சொல்லும் முந்தையதைவிட ஓர் எழுத்து நீளமாக இருக்க வேண்டும், வாக்கியம் தன் எழுத்துகளைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும் என்று இன்னும் பல உண்டு. எந்த வகையானாலும் வாக்கியத்துக்குப் பொருள் இருக்க வேண்டும். நொண்டியாவது நடக்க வேண்டும்.

‘தி குயிக் பிரவுன் ஃபாக்ஸ்’ இந்த வகைதானே?

அதேதான். ‘தி குயிக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் த லேசி டாக்.’ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலை மிதித்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். நான் தட்டச்சில் லோயர் கிரேடு படித்த காலத்தில், ஏ-எஸ்-டி-எஃப் தட்டித் தட்டி விரல் பழகிய பிறகு, எங்கள் மாஸ்டர் இந்த வரியைப் பக்கம் முழுக்க அடிக்கச் சொல்வார். நான் ஒருநாள் ‘ஜம்ப்ஸ்’ என்பதை ‘ஜம்ப்டு’ என்று மாற்றி ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தேன். கதைதானே, தாண்டுகிறது என்றால் என்ன, தாண்டியது என்றால் என்ன? அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘உன் மெஷின்ல எஸ் கட்டை வேலை செய்யலையா?’ என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். அந்த வரியில் எஸ் வரும் ஒரே இடம் ‘ஜம்ப்ஸ்’ முடிவில்தான். இறந்தகாலத்துக்குப் போனால் எஸ் செத்தது. இன்றைக்கும் பலர் இந்த வரியைத் தவறாகவே எழுதுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் மாஸ்டர் குரல் காதில் விழுகிறது.

வரியில் மொத்தம் 35 எழுத்து. ஓ நான்கு முறை, ஈ மூன்று முறை. ஆர், யூ, ஹெச், எஸ்-க்கு அடுத்த டி ஆகியவை இரண்டிரண்டு முறை. மீதி எல்லாம் ஒவ்வொன்றே. 1885 பிப்ரவரியில் பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்றில் இது அச்சாகியிருக்கிறது. அங்கே ‘தி’ என்று தொடங்காமல் ‘எ குயிக் பிரவுன் ஃபாக்ஸ்’ என்று தொடங்குகிறது, அதனால் 33 எழுத்துதான். தட்டச்சு, தந்தி, டெலிபிரிண்டர் என்று எந்தக் கருவி வந்தாலும் எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுகிறதா என்று சோதிக்க இதையே அனுப்பினார்கள். விண்டோஸில் ஒரு ஃபான்ட்டைத் திறந்தால் இன்றும் இந்த நரிதான் வந்து தாண்டிக் காட்டும்.

எனக்குப் பிடித்த செய்தி 1963 ஆகஸ்ட் 30-ஆம் தேதியது. கியூபா ஏவுகணை நெருக்கடி உலகத்தையே நடுங்க வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ஹாட்லைன் போட்டார்கள். சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் கிடையாது, டெலிபிரிண்டர். அதில் வாஷிங்டன் அனுப்பிய முதல் செய்தி: ‘தி குயிக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்டு ஓவர் த லேசி டாக்’ஸ் பேக் 1234567890.’ ‘ஜம்ப்டு’ என்றுதான் அடித்திருக்கிறார்கள், ஆனால் தவறு இல்லை. நாய் என்பதை ‘நாயின் முதுகு’ ஆக்கியதில் எஸ் திரும்பி வந்துவிட்டது, கூடவே அபாஸ்ட்ரபியும் சோதனையாகிவிட்டது. அன்று அந்த மெஷின் முன்னால் இருந்தவருக்கும் எங்கள் மாஸ்டர் போல ஒருவர் வாய்த்திருக்க வேண்டும்.

இதைவிடச் சின்னதாக முடியாதா?

முடியும். ‘பேக் மை பாக்ஸ் வித் ஃபைவ் டஸன் லிக்கர் ஜக்ஸ்’: 32. ‘ஸ்ஃபிங்க்ஸ் ஆஃப் பிளாக் குவார்ட்ஸ், ஜட்ஜ் மை வவ்’: 29. கருங்கல் சிங்கத்திடம் ‘என் சபதத்துக்குத் தீர்ப்புச் சொல்’ என்று கேட்பதுபோல ஒரு கம்பீரம் அதில் உண்டு. ஏ, ஓ, யூ மட்டும்தான் இரண்டாவது முறை வருகின்றன. ‘வால்ட்ஸ், பேட் நிம்ஃப், ஃபார் குயிக் ஜிக்ஸ் வெக்ஸ்’ 28-இல் முடிகிறது.

சரியாக 26-ம் உண்டு. ‘மிஸ்டர் ஜாக், டிவி குவிஸ் பிஎச்டி, பேக்ஸ் ஃபியூ லிங்க்ஸ்.’ (இந்த ஜாக்கை ஏ போட்டு அல்ல, ஓ போட்டு எழுத வேண்டும்.) மிஸ்டர், டிவி, பிஎச்டி மூன்றும் சுருக்கங்கள். சுருக்கம் கூடாது என்றால் ‘கூம்’ என்ற வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்குச் சொல்லைக் கூப்பிட வேண்டிவரும். சி, டபிள்யூ, எம் என்று எழுதுவார்கள்; அதில் டபிள்யூவே உயிர்எழுத்து வேலை பார்க்கிறது. 26-ஐ எட்டிய வாக்கியங்களில் பெரும்பாலானவை அகராதியை உலுக்கியதில் விழுந்தவை போலத்தான் இருக்கும். என் கணக்கில் 29-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குக் கீழே போனால் கின்னஸ் ஆசைதான் மிஞ்சும், வாக்கியம் மிஞ்சாது.

நானே ஒன்று செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் அடம்பிடிக்கிறவரை முதலில் உட்கார வைப்பது போல. க்யூ, இசட், ஜே, எக்ஸ், வி. இந்த ஐவருக்கும் முதலில் இடம் கொடுங்கள். ஈ, ஏ, என் எல்லாம் கூப்பிடாமலே வருகிறவர்கள்.

நான் செய்த ஒன்றைக் காட்டுகிறேன். தாளின் மேலே 26 எழுத்தையும் எழுதிக்கொண்டேன். க்யூவும் இசட்டும் ஒரே சொல்லில் தீர்ந்தால் பெரிய நிம்மதி. அதற்கு ‘குவிஸ்’. அடுத்து ஜே. யோசித்துக்கொண்டிருந்தபோது தெருவில் பலாப்பழ வண்டி போனது. ‘ஜேக்ஃப்ரூட்’ என்று எழுதிப் பார்த்தால் ஒன்பது எழுத்தும் வேறு வேறு! ஜே, கே, எஃப் மூன்றையும் ஒரே வாயில் விழுங்குகிற சொல். (அந்த ‘ஜேக்’ நம் பக்கத்துச் சரக்குதான். மலையாளத்துச் ‘சக்க’ போர்ச்சுகீசியர் வாயில் ‘ஜாக்கா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது.) வண்டிக்காரர் ‘வெண்டர்’ ஆனதில் வி தீர்ந்தது. கேள்வி கேட்க ‘ஒய்’ போட்டேன், டபிள்யூ, ஹெச், ஒய் மூன்றும் போயின.

மிச்சம் ஏழு: ஏ-க்கு அடுத்த பி, ஜி, எல், எம், க்யூவுக்கு முந்தைய பி, எஸ், எக்ஸ். ‘சிக்ஸ் பிக்’ என்று எழுதியதில் நாலு போயிற்று. எல், எம், பி மூன்றுக்கும் ஒரு பழம் கிடைத்தது: ‘பிளம்ஸ்.’ ஆக, ‘ஒய் குவிஸ் எ ஜேக்ஃப்ரூட் வெண்டர் ஆன் சிக்ஸ் பிக் பிளம்ஸ்?’ ஆறு பெரிய பிளம்ஸ் பழத்தைப் பற்றிப் பலாப்பழக்காரரை ஏன் குடைகிறாய் என்று பொருள். எண்ணினால் 36. நரியிடம் ஒரே ஓர் எழுத்தில் தோற்றேன். உங்களால் குறைக்க முடிந்தால் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள், டீ என் செலவு.

ஈ இல்லாமல் எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

ஆங்கில உரைநடையில் எட்டு எழுத்துக்கு ஒன்று ஈ. அதை ஓட்டிவிட்டால் ‘தி’ போச்சு. ஹீ, ஷீ, வீ, தே, மீ, ஹர் எல்லாம் போச்சு. ஆர், வேர், பீன், ஹேவ் போச்சு. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, இறந்தகால ‘எட்’ விகுதி போச்சு. வாக்டு, டாக்டு, லுக்டு என்று எதுவும் எழுத முடியாது. ஹேட், வாஸ், டிட், சா, ரேன் போன்ற ஒழுங்கற்ற வினைகள்தான் கைகொடுக்கும். பள்ளிக்கூடத்தில் நம்மைப் பாடாய்ப்படுத்திய அந்த அட்டவணைக்கு நன்றி சொல்லத் தோன்றும் ஒரே சந்தர்ப்பம் இது.

சின்ன உதாரணம். ‘சீதா ஏட் த்ரீ இட்லிஸ்.’ சீதா மூன்று இட்லி சாப்பிட்டாள், நாலே சொல். இதிலிருந்து ஈ-யை ஓட்டுங்கள். ‘ஏட்’ போய் ‘ஹேட்’ வரும், அது சுலபம். ‘த்ரீ’யில் இரண்டு ஈ இருக்கிறது. மூன்றுக்கு வேறு சொல் இல்லை, ஆகவே எண்ணிக்கையே மாற வேண்டும். ‘ஃபோர்’ எழுதலாம். சீதா என்று எழுதும்போதும் இரண்டு ஈ வருகிறது. பெயரையும் மாற்ற வேண்டும். முடிவில் கிடைப்பது: ‘லட்சுமி ஹேட் ஃபோர் இட்லிஸ்.’ ஆள் மாறிவிட்டாள், ஓர் இட்லி கூடிவிட்டது! சீதாவை ஐ போட்டு எழுதினால் தப்பிக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எழுதலாம், ஆனால் அது சீதா வீட்டார் சம்மதிக்க வேண்டிய விஷயம்.

நிபந்தனை சொல்லை மட்டும் மாற்றாது, சேதியையே மாற்றும். ‘இதைச் சொல்ல வேண்டும்’ என்று தீர்மானித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு லிப்போகிராம் சரிப்படாது. எழுத்து எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போகத் தயாராக இருப்பவர்களுக்குச் சரிப்படும்.

யாராவது இப்படி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கரான எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939-இல் ‘கேட்ஸ்பி’ என்ற நாவலை 50,000-க்கும் மேற்பட்ட சொற்களில் ஈ இல்லாமல் எழுதி வெளியிட்டார். கை தவறி அடித்துவிடாமல் இருக்கத் தட்டச்சில் ஈ கட்டையைக் கட்டியே போட்டாராம். அப்படியும் அச்சில் மூன்று ‘தி’யும் ஒரு ‘ஆஃபிசர்ஸ்’உம் நுழைந்துவிட்டன. எத்தனை வலை கட்டினாலும் ஈ வரும். இதில் வேடிக்கை, ஆசிரியர் பெயரிலேயே மூன்று ஈ. அட்டையில் அதை என்ன செய்ய முடியும்? புத்தகம் வந்த அதே ஆண்டில் ரைட் இறந்துபோனார்.

பிரெஞ்சில் ஜார்ஜ் பெரெக் 1969-இல் ‘லா டிஸ்பாரிசியோன்’ எழுதினார். ‘காணாமற்போதல்’ என்று பொருள். பிரெஞ்சிலும் அதிகம் வருவது ஈ-தான். அது இல்லாமல் ஏறக்குறைய 300 பக்கம். கதையிலும் ஏதோ ஒன்று காணாமல் போகிறது, தேடுகிறவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள், எது போனது என்று யாராலும் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய எழுத்தே இல்லையே.

பலரும் இதைச் சர்க்கஸ் வித்தையாகத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரெக் யூதர். அப்பா 1940-இல் போர்முனையில் இறந்தார். அம்மாவை நாஜிகள் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அவருக்கு முதலில் மரணச் சான்றிதழ் வரவில்லை. பிரெஞ்சு அரசு தந்தது ‘காணாமற்போனதற்கான’ சான்று, அதன் பெயரிலும் இதே ‘டிஸ்பாரிசியோன்’. பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரும் ‘அவர்கள்’ என்ற சொல்லும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும். ‘ஈ இல்லாமல்’ என்றால் ‘அவர்கள் இல்லாமல்’ என்றும் கேட்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புத்தகத்தை வித்தை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கில்பர்ட் அடேர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அதுவும் ஈ இல்லாமல். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்கள் ஈ-க்குப் பதில் ஏ-யை விட்டார்கள், அவர்கள் மொழியில் ஈ-க்கு அடுத்தபடியாக அதிகம் புழங்குகிற எழுத்து அது. பெரெக் சேர்ந்திருந்த ‘ஊலிப்போ’ குழு 1960-இல் பாரிஸில் தொடங்கியது. எழுத்தாளர்களும் கணித ஆட்களும் கலந்த கூட்டம்.

எண்களை எழுத்தில் எழுதும்போது ஏதோ விசேஷம் உண்டாமே?

நிறைய. ஈ இல்லாத எண்கள் டூ, ஃபோர், சிக்ஸ். அப்புறம் தர்ட்டி வரை ஒன்றுகூடக் கிடையாது, எழுதிப் பாருங்கள். ஒற்றைப்படை எண் எதை எழுதினாலும் ஈ வந்தே தீரும். ஈ இல்லாத கதையில் பிள்ளைகளுக்கு ஏழு வயதிலிருந்து இருபத்தொன்பது வரை வயது சொல்ல முடியாது. கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏ என்ற எழுத்து ஒன்றிலிருந்து 999 வரை எந்த எண்ணிலும் இல்லை. தவுசண்டில்தான் முதலில் தலைகாட்டுகிறது. நம் ஊர் வழக்கப்படி ‘ஹண்ட்ரட் அண்டு ஒன்’ என்று சொன்னால் அந்த ‘அண்டு’ கணக்கைக் கெடுத்துவிடும், அமெரிக்கர் மாதிரி ‘ஹண்ட்ரட் ஒன்’ என்று சொல்ல வேண்டும். ஆனால் சி-யில் நாம்தான் முந்தி. அமெரிக்கருக்கு எண்களில் முதல் சி கிடைக்க ‘ஆக்டில்லியன்’ வரை போக வேண்டும், 1-க்குப் பின்னால் 27 சுழியம். நமக்குக் ‘குரோர்’ வந்ததுமே கிடைத்துவிடுகிறது. ஒரு கோடியில் ஏழே சுழியம்.

சிறுவர்கள் வந்தால் இதைக் காட்டுவேன்: எந்த எண்ணையும் ஆங்கிலத்தில் எழுது, எழுத்துகளை எண்ணு, வந்த எண்ணை எழுது, மறுபடி எண்ணு. ட்வெல்வ் என்றால் 6, சிக்ஸ் என்றால் 3, த்ரீ என்றால் 5, ஃபைவ் என்றால் 4, ஃபோர் என்றால் 4. அங்கேயே நின்றுவிடும். எதில் தொடங்கினாலும் நாலில்தான் முட்டும், ஏனென்றால் தன் மதிப்பும் எழுத்து எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பது ஃபோர் மட்டுமே.

தன்னைத் தானே எண்ணும் வாக்கியம் என்றால்?

‘திஸ் சென்டன்ஸ் ஹேஸ் தர்ட்டி ஒன் லெட்டர்ஸ்.’ இந்த வாக்கியத்தில் 31 எழுத்து என்கிறது. எண்ணிப் பார்த்தால் 4, 8, 3, 6, 3, 7. கூட்டினால் 31. உண்மையைத்தான் சொல்கிறது.

எண்ணை எடுத்துவிட்டால் மீதிச் சொற்களில் 22 எழுத்து. அதோடு எண்ணின் எழுத்துகளைக் கூட்டினால் அந்த எண்ணே வர வேண்டும். தர்ட்டி ஒன்னுக்கு 9 எழுத்து, 22-உம் 9-உம் 31. தர்ட்டி டூ-வுக்கும் 9 எழுத்துதான், ஆகவே பொய். ஆனால் தர்ட்டி த்ரீ-க்கு 11, கூட்டினால் 33. அதுவும் மெய்! ஒரே வாக்கியம் இரண்டு விதமாக உண்மை பேசுகிறது.

லீ சாலோஸ் என்ற ஆங்கிலேயர் இதை வெறித்தனமான எல்லைக்குக் கொண்டுபோனார். ‘இந்த வாக்கியத்தில் இத்தனை ஏ, இத்தனை பி…’ என்று 26 எழுத்தின் கணக்கையும் சரியாகச் சொல்லும் ஒரே வாக்கியம். ஓர் எண்ணை மாற்றினால் அதன் ஸ்பெல்லிங் மாறி மற்ற எல்லாக் கணக்கும் குலையும். கையால் ஆகாது என்று 1980-களில் இதற்கென்றே ஒரு மின்னணு இயந்திரம் கட்டினார்.

தமிழில் இந்த மாதிரி உண்டா?

உண்டு. தன்னை எண்ணும் வாக்கியத்தைத் தமிழில் முயன்றபோது நானே அசந்துபோனேன். ‘இந்த வரியில் பதினேழு எழுத்துகள்.’ புள்ளி எழுத்தையும் ஒன்றாகக் கொண்டால்: இந்த 3, வரியில் 4, பதினேழு 4, எழுத்துகள் 6. மொத்தம் 17. சரி, ‘பதினெட்டு’ என்று போட்டால்? அதற்கு ஐந்து எழுத்து, மொத்தம் 18. ‘பத்தொன்பது’க்கு ஆறு எழுத்து, மொத்தம் 19. அடுத்தடுத்து மூன்று எண்ணும் மெய்! இருபதில் உடைகிறது.

உடனே ஒருவர் கை தூக்கினார்: ‘எழுத்துகளா, எழுத்துக்களா?’ தமிழர் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்குமா? க் போடுகிறவர்களுக்கு மூன்று விடையும் அடிபட்டுப்போகும், அவர்கள் ‘இருபத்தொன்று’க்குப் போக வேண்டும். ஏழு எழுத்து, 3, 4, 7, 7, மொத்தம் 21. அவரவர் இலக்கணத்துக்கு அவரவர் விடை.

பழைய சரக்கு நம்மிடம் ஏராளம். சம்பந்தர் தேவாரத்தில் ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்று தொடங்கும் மாலைமாற்றுப் பதிகம் இருக்கிறது. அந்த அடியைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பினால் அடுத்த அடி கிடைக்கும். காளமேகப் புலவர் க வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ‘காக்கைக்கா காகூகை’ என்று ஒரு வெண்பாவே பாடினார். உதடு ஒட்டாத நிரோட்டகத்தில் சிவப்பிரகாசர் ஓர் அந்தாதி முழுவதும் செய்தார். திருக்குறளில் ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்ற 341-ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள், மேலுதடும் கீழுதடும் சேராது. துறவைப் பற்றிய குறள்.

கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஆங்கில லிப்போகிராமைக் காதால் பிடிக்க முடியாது. ஈ-யை ஓட்டினாலும் ‘ஈ’ என்ற ஓசை வேறு ஸ்பெல்லிங்கில் தாராளமாக வந்துகொண்டே இருக்கும். அது கண்ணுக்கான நிபந்தனை. நிரோட்டகம் வாய்க்கான நிபந்தனை, இருட்டிலும் சோதிக்கலாம்.

தமிழில் பேன்கிராம் உண்டா என்றும் கேட்கிறார்கள். 247-ஐயும் என்றால் வாய்ப்பில்லை. ஙௌ வருகிற ஒரு சொல்லை யாராவது கொண்டு வரட்டும், பிறகு பேசுவோம். உயிர் 12, மெய் 18 என்று பிரித்துக்கொண்டு முயலலாம்.

சொல் நீளத்தை வைத்து விளையாடுவதும் இதில் சேருமா?

சேரும். ‘ஐ டூ நாட் நோ வேர் ஃபேமிலி டாக்டர்ஸ்…’ என்று ஒன்று உண்டு. முதல் சொல் ஓர் எழுத்து, அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று என்று வளர்ந்து இருபதாவது சொல் 20 எழுத்தில் முடியும். டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றிய புலம்பல். செய்தவர் டிமிட்ரி போர்க்மன், 1960-களில்.

இன்னொன்று வட்டக் கணக்கில் வருகிற பை. ‘ஹவ் ஐ நீட் எ ட்ரிங்க், ஆல்கஹாலிக் ஆஃப் கோர்ஸ், ஆஃப்டர் த ஹெவி லெக்சர்ஸ் இன்வால்விங் குவாண்டம் மெக்கானிக்ஸ்.’ ஒவ்வொரு சொல்லின் எழுத்தையும் எண்ணினால் 3.14159265358979. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஒருமுறை சொன்னாலே மனப்பாடமாகிவிடுகிறது. பையா ட்ரிங்க்கா, எது காரணம் என்று நான் ஆராயவில்லை.

பேலிண்ட்ரோம்?

‘எ மேன், எ பிளான், எ கனால், பனாமா.’ லீ மெர்சர் 1948-இல் வெளியிட்டது, 21 எழுத்து, நட்டநடுவில் கனாலின் சி. ‘விகடகவி’ தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். நான் இதில் அதிகம் ஈடுபடுவதில்லை. பத்தில் ஒன்பது வாக்கியம் தலைகீழாக மட்டுமல்ல, நேராகப் படித்தாலும் புரியாது.

கம்ப்யூட்டரிடம் கேட்டால் செய்து தராதா?

சரிபார்க்க நன்றாக உதவும். 26 எழுத்தும் இருக்கிறதா என்று பார்க்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு வரி போதும். சாட்பாட்களிடம் எச்சரிக்கை தேவை. அவை உரையை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகப் பார்க்கின்றன. அதனால் எண்ணிக்கையில் சறுக்கும். ஈ இல்லாமல் ஒரு பத்தி கேட்டால் அழகாக எழுதி, நடுவில் இரண்டு ‘தி’யைச் செருகி, ‘ஈ இல்லவே இல்லை’ என்று சத்தியமும் செய்யலாம். ரைட்டுக்கே நடந்ததுதான்.

என் ஆங்கிலம் சுமார்தான். வரலாமா?

தாராளமாக. எங்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். இதில் உச்சரிப்பு வேண்டாம், சரளம் வேண்டாம், யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். எண்ணத் தெரிய வேண்டும், எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கற்றவர்களுக்கு இங்கே ஒரு சின்ன அனுகூலம்கூட உண்டு. சரளமாகப் படிக்கிறவர் கண் ‘தி’யைத் தாண்டிப் போய்விடும், அவர் விட்ட ஈ-யை நாம் பிடிப்போம்.

கோடு, புள்ளி, பெரிய எழுத்து இதெல்லாம் கணக்கில் வருமா?

வராது. எழுத்து மட்டும். மனிதர் பெயர்களைப் பேன்கிராமில் சேர்க்கலாமா என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறு உண்டு. நான் கூடாது என்கிற கட்சி. இசட்டும் எக்ஸும் வைத்து ஒரு பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டால் எல்லாரும் ஜெயித்துவிடலாமே?

முயன்று பார்க்க நாலு கேள்வி கொடுங்களேன்?

ஒன்று: ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துகள் அகரவரிசையிலேயே அமையும் எண் எது? இரண்டு: அதற்கு நேர்மாறாக, பின்னிருந்து முன்னாக அமையும் எண் எது? மூன்று: ‘ஃபைவ் டஸன் லிக்கர் ஜக்ஸ்’ வாக்கியத்தில் பாக்ஸைப் பையாக, அதாவது ‘பேக்’ ஆக மாற்றினால் எத்தனை எழுத்து தொலையும்? நான்கு: ‘திஸ் சென்டன்ஸ் கண்டெய்ன்ஸ் … லெட்டர்ஸ்’ இடைவெளியில் எந்த எண்ணைப் போட்டால் மெய்யாகும்?

விடை?

ஃபார்ட்டி, யூ இல்லாமல் எழுத வேண்டும். ஒன். எக்ஸ் மட்டும்தான், ஓ டஸனில் பத்திரமாக இருக்கிறது. நான்காவதற்குத் தர்ட்டி சிக்ஸ் ஒரு விடை. இன்னொன்றும் இருக்கிறதா என்று பென்சிலை எடுத்துப் பாருங்கள்.